சேமிப்புச் சந்தையை ஆளப்போவது யார்?

அமெரிக்காவில் 2009-ம் வருஷம் ஆரம்பிக்கப்பட்ட ஒரு கம்பெனி, பிறகு பியூர் ஸ்டோரேஜ் என்ற பெயரில் வளர்ந்தது. கம்ப்யூட்டர் தகவல்களைச் சேமித்து வைக்கும் பெட்டிகளைச் செய்து விற்பது அதன் தொழில். அது வளர்ந்து வந்த வேகத்தைப் பார்த்துப் பங்குச் சந்தைக்காரர்கள் ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு வந்திருக்கிறார்கள். "இந்தக் கம்பெனி ஒருநாள் மற்றவர்களை எல்லாம் முறியடித்து, சந்தை முழுவதையும் கைப்பற்றி ஆளுமா?" என்பதே அந்தக் கேள்வி.

பங்கு வாங்கி விற்பவனுக்கு இது சூதாட்டக் கேள்வி. எந்தக் குதிரை மேல் பணம் கட்டலாம் என்பதே அவன் கவலை. ஆலையில் நூல் முடிச்சுப் போடுகிற தொழிலாளிக்கும், வயலில் நாற்று நடுகிற தொழிலாளிக்கும் இந்தக் கேள்வி எதற்கு?

அவசியம் வேண்டும் என்றே நாம் சொல்லுகிறோம்.

பண்ணையார் வீட்டுப் பத்தாயத்தை நம் விவசாயத் தொழிலாளர்கள் அறிவார்கள். நெல்லை விளைவித்தவன் வெளியே நின்றான். பத்தாயத்தின் சாவி எவன் இடுப்பில் தொங்கியதோ, அவன்தான் ஊரின் விலையையும் கூலியையும் நிர்ணயித்தான். இன்று உலகத்தில் புதிய பத்தாயம் ஒன்று எழுந்திருக்கிறது. அதில் சேமிப்பது நெல்லை அல்ல, தகவலை. உங்கள் பாங்கு கணக்கு, பிராவிடண்டு பண்டு கணக்கு, ரேஷன் கடையில் வைத்த கைரேகை எல்லாம் இப்படிப்பட்ட பெட்டிகளில்தான் பதிந்து கிடக்கின்றன. 2023 ஜனவரி முதல் நூறு நாள் வேலையின் வருகைப் பதிவு செல்போன் மூலமே நடக்க வேண்டும் என்று மத்திய சர்க்கார் கட்டாயமாக்கியது. போட்டோ பதிவாகவில்லை என்றால் நாள் முழுக்க மண் வெட்டியவனின் கூலி கேள்விக்குறி ஆயிற்று. பெட்டிக்குள் இருப்பதுதான் சாட்சி, காய்த்துப் போன கை சாட்சி இல்லை என்ற காலம் இது.

ஆகவே இந்தப் பத்தாயங்களைச் செய்கிறவர்கள் யார், அந்தச் சந்தையில் யார் எஜமானன் என்பது நாமும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். பார்ப்போம்.

சாமர்த்தியம் உண்டு, மறுக்கவில்லை

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுவோம். இந்தக் கம்பெனியின் எஞ்சினியர்களிடம் சரக்கு இருக்கிறது.

தகவலைச் சேமிக்க இரண்டு வழிகள் முக்கியமானவை. ஒன்று பழைய வழி. காந்தப் பூச்சுப் பூசிய தட்டுகள் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுழலும். ஊசி போன்ற கை ஒன்று அவற்றின் மேல் எழுதும், படிக்கும். இதற்கு ஹார்டு டிஸ்க் என்று பெயர். 1956-ல் ஐ.பி.எம். கம்பெனி இதை முதன்முதலில் கொண்டுவந்தபோது, 50 பெரிய தட்டுகள் சேர்ந்து 50 லட்சம் எழுத்துகளைத்தான் தாங்கின. இரண்டாவது வழி பிளாஷ் சிப். இதில் சுழல்வது எதுவும் கிடையாது. சிலிக்கான் வில்லையில் மின்சாரமாகவே தகவல் தங்கும். கதிர் சுற்றும் யந்திரத்தில் தேய்மானம் எவ்வளவு, மின்சாரச் செலவு எவ்வளவு என்பதை ஆலைத் தொழிலாளிக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. சுழலாத பெட்டிக்கு அந்தத் தொல்லை குறைவு. வேகமும் அதிகம். ஆனால் விலை கூடுதல்.

பிளாஷ் விலை அதிகமாக இருந்த காலத்திலேயே, அதை மட்டும் வைத்துப் பெரிய கம்பெனிகளுக்கான பெட்டி செய்யலாம் என்று இவர்கள் இறங்கினார்கள். ஒரே தகவல் பத்து இடத்தில் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்குவது, மிச்சத்தையும் சுருக்கி அடைப்பது என்ற உபாயத்தால், குறைந்த சிப்பில் நிறையத் தகவலை வைத்தார்கள். தகவலை வேறிடத்துக்கு மாற்றாமலே பெட்டியின் பாகங்களைப் புதுப்பிக்கும் ஏற்பாட்டையும் கொண்டுவந்தார்கள். கடையில் வாங்கிய தட்டை அப்படியே சொருகாமல், சிப்புகளைத் தாங்களே அட்டையில் அடுக்கினார்கள். ஒரே அட்டையில் 150 டெராபைட், அதாவது 150 லட்சம் கோடி எழுத்து கொள்ளும் அளவுக்கு அது வளர்ந்தது.

2015 அக்டோபரில் ஒரு பங்கு 17 டாலர் என்று விற்றுக் கம்பெனி பங்குச் சந்தையில் நுழைந்தது. 2018-ல் முடிந்த கணக்கு வருஷத்தில் விற்பனை 100 கோடி டாலரைத் தாண்டியது. 2025-ல் முடிந்த கணக்கு வருஷத்தில் அது சுமார் 317 கோடி டாலர். 2023-ல் கம்பெனியின் அதிகாரி ஒருவர், 2028-க்குப் பிறகு புதிய ஹார்டு டிஸ்க்கே விற்காது என்று முழங்கினார்.

இவ்வளவும் சரி. ஆனால் இதே புத்தகத்தின் இன்னொரு பக்கத்தையும் புரட்ட வேண்டும். ஆரம்பித்து 13 வருஷம் வரை எந்த முழு வருஷத்திலும் இந்தக் கம்பெனி லாபம் காட்டவில்லை. 2023 பிப்ரவரியில் முடிந்த வருஷத்தில்தான் முதன்முதலாக முழு வருஷ லாபம் வந்தது. அதுவும் சுமார் 7 கோடி 30 லட்சம் டாலர். அதுவரை ஓடியது பங்குதாரர் பணத்தில். எதிரே நிற்கும் டெல் கம்பெனிக்குச் சேமிப்புப் பெட்டி விற்பனை மட்டும் வருஷத்துக்கு 1,600 கோடி டாலருக்கு மேல். ஏறத்தாழ ஐந்து மடங்கு! வேகமாக வளர்வது வேறு, சந்தையை ஆள்வது வேறு என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

வேகமாக வளர்ந்தவர்கள் எங்கே போனார்கள்?

இந்தத் தொழிலில் வேகமாக வளர்ந்த முதல் கம்பெனி இது அல்ல. முன்னே ஓடியவர்களின் கதி என்ன?

கானர் பெரிபெரல்ஸ் என்று ஒரு கம்பெனி இருந்தது. ஹார்டு டிஸ்க் செய்தது. 1987-ல் அதன் விற்பனை 11 கோடி 30 லட்சம் டாலர். மூன்றே வருஷத்தில், 1990-ல், 130 கோடி டாலர். அமெரிக்கத் தொழில் சரித்திரத்திலேயே இப்படி வளர்ந்தது இல்லை என்று பத்திரிகைகள் கொண்டாடின. தொடக்கத்தில் அதற்கு மூலதனம் கொடுத்ததும், சரக்கில் பெரும்பகுதியை வாங்கியதும் காம்பேக் என்ற ஒரே கம்பெனி. கானரின் ஸ்தாபகர் அதற்குமுன் சீகேட் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர். பிரிந்து வந்து போட்டிக் கடை வைத்தார். முடிவு? 1996-ல் அதே சீகேட் கானரை விழுங்கியது. பத்து வருஷ வாழ்வு, அவ்வளவுதான்.

இ.எம்.சி. என்று இன்னொரு கம்பெனி. 1979-ல் தொடங்கியது. 1990-ல் சிமெட்ரிக்ஸ் என்ற பெட்டியைக் கொண்டுவந்து, 1990-களின் நடுவில் பெரிய கம்ப்யூட்டர்களுக்கான சேமிப்பில் ஐ.பி.எம்.மையே பின்னுக்குத் தள்ளியது. இது சந்தையை ஆண்ட கம்பெனிதான், சந்தேகமில்லை. பியூர் தலையெடுத்தபோது இதே இ.எம்.சி. 2013-ல் அதன் மேல் வழக்குத் தொடுத்தது. தன் ரகசியத்தைத் திருடினார்கள் என்றும், தன் காப்புரிமையை மீறினார்கள் என்றும் குற்றம் சாட்டியது. 2016-ல் பியூர் 3 கோடி டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது. அதே 2016-ல் இ.எம்.சி. என்ன ஆயிற்று தெரியுமா? டெல் கம்பெனி அதை வாங்கி விழுங்கியது. பேரம் அறிவிக்கப்பட்டபோது சொன்ன விலை சுமார் 6,700 கோடி டாலர்.

ஹார்டு டிஸ்க் செய்த கம்பெனிகள் ஒரு காலத்தில் 200-க்கும் மேல். குவாண்டம் கம்பெனியின் டிஸ்க் தொழிலை 2001-ல் மாக்ஸ்டர் எடுத்தது. மாக்ஸ்டரை 2006-ல் சீகேட் எடுத்தது. தொழிலைத் தொடங்கிய ஐ.பி.எம்.மே தன் டிஸ்க் தொழிலை ஹிட்டாச்சிக்கு விற்றுவிட்டு வெளியேறியது. புஜிட்சுவின் டிஸ்க் தொழிலைத் தோஷிபா 2009-ல் வாங்கியது. சாம்சங்கின் டிஸ்க் தொழிலை 2011-ல் சீகேட் வாங்கியது. ஹிட்டாச்சியின் தொழிலை 2012-ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் வாங்கியது. கடைசியில் மிஞ்சியவர்கள் மூன்று பேர்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும் என்பது பழமொழி. இங்கே பெரிய மீனை அதைவிடப் பெரிய மீன் தின்றது.

சர்க்கார்கள் சும்மாவா இருந்தன? அமெரிக்காவும் ஐரோப்பாவும் சீனாவும் பரிசீலித்தன. சில நிபந்தனைகள் போட்டன. சேர்க்கையை அனுமதித்தன.

முன்னும் பின்னும் எஜமானர்கள்

அப்படியானால் பியூர் போன்ற கம்பெனி டெல்லையும் ஜெயித்துவிட்டால் ராஜாதானே என்று கேட்கலாம். இல்லை. இங்கேதான் விஷயத்தின் மர்மம் இருக்கிறது.

தறி வைத்திருக்கிற சின்ன முதலாளியை நினைத்துப் பாருங்கள். நூல் விலையை மில்காரன் வைக்கிறான். துணி விலையை மொத்த வியாபாரி வைக்கிறான். நடுவில் இருப்பவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், பக்கத்துத் தறிக்காரர்களை எல்லாம் ஓட்டிவிட்டாலும், சந்தைக்கு எஜமானன் ஆக முடியுமா? முடியாது.

பியூர் செய்கிற பெட்டியின் உயிர் பிளாஷ் சிப். அதை அந்தக் கம்பெனி செய்வதில்லை, வாங்குகிறது. பிளாஷ் சிப் செய்கிற பெரிய கம்பெனிகள் உலகத்தில் ஐந்து: தென் கொரியாவில் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், ஜப்பானில் கியோக்சியா, அமெரிக்காவில் மைக்ரான், சான்டிஸ்க். இதிலும் கியோக்சியாவும் சான்டிஸ்க்கும் ஜப்பானில் கூட்டாகவே ஆலை நடத்துகின்றன. ஒரு சிப் ஆலை கட்ட ஆயிரம் கோடி டாலர் கணக்கில் முதலீடு வேண்டும். புதிதாக ஒருவன் நுழைவது அத்தனை சுலபம் அல்ல. இன்டெல் போன்ற பெரிய கம்பெனியே தன் பிளாஷ் தொழிலை 900 கோடி டாலர் பேரத்தில் ஹைனிக்ஸுக்கு விற்றுவிட்டு விலகியது. சீனாவிலிருந்து யாங்ட்ஸி மெமரி என்ற ஆறாவது கம்பெனி எழுந்தது. 2022 டிசம்பரில் அமெரிக்க சர்க்கார் அதைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. போட்டி, சுதந்திரச் சந்தை என்று உபதேசம் செய்கிறவர்களின் போட்டி இந்த லட்சணத்தில் இருக்கிறது.

இந்தச் சிப் எஜமானர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள்? 2022-லும் 2023-லும் சரக்கு தேங்கி விலை விழுந்தது. உடனே கியோக்சியா, மைக்ரான், சாம்சங் ஒருவர் பின் ஒருவராக உற்பத்தியைக் குறைத்தார்கள். 2025-ன் பிற்பகுதியில் செயற்கை அறிவுக் கம்பெனிகள் சிப்பை அள்ளிக்கொண்டு போனதால் விலை ஏறியது. உடனே மைக்ரான் என்ன செய்தது? சாதாரண ஜனங்களுக்குச் சிப் விற்றுவந்த தன் குரூஷியல் வியாபாரத்தையே மூடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. பெரிய இடத்தில் லாபம் கூடுதல். சில்லறை வாங்குகிறவன் எக்கேடு கெட்டால் என்ன? பஞ்சக் காலத்தில் நெல் வியாபாரி செய்ததற்கும் இதற்கும் வித்தியாசம் எங்கே?

இது ஒரு பக்கம். வாங்குகிற பக்கத்தைப் பாருங்கள். அமேசான், மைக்ரோசாப்ட், கூகிள், மெட்டா ஆகிய நாலு கம்பெனிகள் உலகத்தின் தகவலில் மிகப் பெரும் பங்கைத் தங்கள் கிடங்குகளில் அடைத்து வைத்திருக்கின்றன. இவர்கள் பெட்டிக்காரனிடம் போவதில்லை. பாகங்களை மொத்தமாக வாங்கித் தாங்களே பெட்டி கட்டிக்கொள்கிறார்கள். அவர்களின் சேமிப்பில் பெரும்பகுதி மலிவான ஹார்டு டிஸ்க்கில்தான் இருக்கிறது.

இந்த நால்வரில் ஒருவரைப் பிடித்துவிட்டோம் என்று பியூர் 2024 டிசம்பரில் அறிவித்தது. அது மெட்டா என்று பிறகு தெரிந்தது. பங்குச் சந்தையில் ஆரவாரம். ஏற்பாட்டின் தன்மை என்ன? சிப்பை மெட்டாவே ஆலைகளிடம் நேரடியாக வாங்கிக்கொள்ளும். பியூர் தன் தொழில்நுட்பத்தைக் கொடுத்து உரிமைக் கட்டணம் பெறும். அதாவது, ஜெயித்த இடத்திலேயே இந்தக் கம்பெனி பெட்டி வியாபாரி என்ற அந்தஸ்தை விட்டு, கட்டணம் வாங்குகிற வாத்தியார் ஆகிறது. இது லாபமான வேலையாக இருக்கலாம். இதற்குப் பெயர் சந்தையை ஆள்வதா? காம்பேக்கை நம்பி வளர்ந்த கானரின் நினைவு நமக்கு வருகிறது.

ஆகவே நமது பதில் இதுதான்: வளர்ந்துவருகிற ஒரு சேமிப்புக் கம்பெனி தன்னைப் போன்ற பெட்டிக்காரர்களை ஜெயிக்கலாம். சந்தைக்கு எஜமானன் ஆவது கஷ்டம். மூலப்பொருள் ஐந்து பேர் கையில்; பெரிய கொள்முதல் நாலு பேர் கையில். நடுவில் இருப்பவனுக்கு விழுங்கப்படுவது ஒரு வழி. அந்தச் சிலரில் ஒருவனாகத் தானும் சேர்ந்துகொள்வது இன்னொரு வழி.

சிலர் ஆண்டால் என்ன நடக்கும்?

"தனி ஒருவன் ஆளவில்லையே, மூன்று பேர், ஐந்து பேர் இருக்கிறார்களே, போட்டி இருக்கும் அல்லவா?" என்று சிலர் சமாதானம் சொல்லுவார்கள். நடந்ததைப் பார்த்துப் பேசுவோம்.

பல வருஷமாக, ஒரு எழுத்தைச் சேமிக்க ஆகும் விலை குறைந்துகொண்டே வந்தது உண்மை. விஞ்ஞானிகளின் அறிவும், தொழிலாளிகளின் உழைப்பும், போட்டியும் சேர்ந்து தந்த பலன் அது. ஆனால் 2011-ல் என்ன நடந்தது?

அந்த வருஷம் தாய்லாந்தில் பெருவெள்ளம். 800 பேருக்கு மேல் மாண்டார்கள். ஹார்டு டிஸ்க் உற்பத்தியில் தாய்லாந்து முக்கியமான நாடு. அக்டோபரில் பாங் பா-இன் தொழிற்பேட்டையில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ஆலை தண்ணீரில் மூழ்கியது. டிஸ்க்குக்குப் பாகம் செய்கிற ஆலைகளும் மூழ்கின. கடைகளில் டிஸ்க் விலை சில வாரங்களில் இரண்டு மடங்கை எட்டியது. சரக்கு இல்லை, விலை ஏறியது, இதுவரை புரிகிறது. ஆனால் கணக்கு முடிந்தபோது தெரிந்தது என்ன?

சீகேட்டின் லாபம் முந்திய வருஷம் 51 கோடி 10 லட்சம் டாலர். 2012-ல் முடிந்த வருஷத்தில் சுமார் 286 கோடி டாலர். ஐந்து மடங்குக்கு மேல்! சரி, அதன் ஆலையில் தண்ணீர் புகவில்லை. ஆலை மூழ்கிய வெஸ்டர்ன் டிஜிட்டல்? 72 கோடி 60 லட்சத்திலிருந்து சுமார் 161 கோடி டாலர். இடையில் வாங்கிய கம்பெனிகளின் வரவும் இதில் உண்டு. அதைக் கழித்துப் பார்த்தாலும், விலையேற்றம் கொண்டுவந்த லாபத்தை மறைக்க முடியாது. போதாததற்கு 2011 டிசம்பரில் இருவரும் பல ரக டிஸ்க்குகளின் உத்தரவாதக் காலத்தையும் குறைத்தார்கள். விலை கூட்டினார்கள், பொறுப்பைக் குறைத்தார்கள். வாங்குகிறவன் வேறு எங்கே போவான்? கடையே மூன்றுதானே! வெள்ளம் வடிந்தது, விலை பழைய நிலைக்குத் திரும்ப வருஷக்கணக்கு ஆயிற்று.

இன்னொரு சம்பவம். கம்ப்யூட்டரின் டிராம் என்ற மெமரி சிப் விலையைக் கம்பெனிகள் கூடிப் பேசி நிர்ணயித்தன என்று அமெரிக்க நீதி இலாகா வழக்குப் போட்டது. குற்றத்தை ஒப்புக்கொண்டு இன்பினியான் 2004-ல் 16 கோடி டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது. 2005-ல் ஹைனிக்ஸ் 18 கோடி 50 லட்சம், சாம்சங் 30 கோடி. 2006-ல் எல்பிடா 8 கோடி 40 லட்சம். ஹார்டு டிஸ்க்கின் உள்ளே இருக்கும் ஒரு சின்னப் பாகத்தின் விலையைக் கூட்டுச்சதியால் நிர்ணயித்ததாக ஜப்பானின் என்.எச்.கே. ஸ்பிரிங் கம்பெனி 2019-ல் குற்றத்தை ஒப்பி, 2 கோடி 85 லட்சம் டாலர் அபராதத்துக்கு உடன்பட்டது. வெளியே பார்த்தால் ஐந்து கடை. உள்ளே ஒரே தராசு. இது நாம் கட்டிச் சொல்லும் கதை அல்ல. கோர்ட்டில் அவர்களே ஒப்புக்கொண்டது.

யந்திரத்தின் முன் நிற்பவள்

இத்தனை கணக்கிலும் ஒரு ஆளைக் காணோம். அந்த டிஸ்க்கையும் சிப்பையும் கையால் செய்கிறவர் எங்கே?

தாய்லாந்து டிஸ்க் ஆலைகளில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு மாட்டி, தூசி புகாத அறையில், கண்ணுக்குத் தெரியாத பாகங்களை ஒட்டுகிறவர்கள். வெள்ளத்துக்குப் பின், 2013 ஜனவரியில்தான் தாய்லாந்து முழுவதும் ஒரு நாள் குறைந்தபட்சக் கூலி 300 பாத் என்று வந்தது. அன்றைய மதிப்பில் சுமார் 10 டாலர். கம்பெனிக்கு ஒரு வருஷ லாபம் 286 கோடி டாலர்; அந்த நாட்டில் ஒருத்தியின் ஒரு நாளுக்குச் சட்டம் சொன்ன கூலி 10 டாலர்!

விலை ஏறினால் லாபம் மேலே போகிறது. விலை இறங்கினால்? நஷ்டம் கீழே வருகிறது. 2016 ஜூலையில் சீகேட் 6,500 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. 2017 ஜனவரியில் சீனாவில் சூச்சௌ ஆலையை மூடியது. 2,000 பேருக்கு மேல் வேலை போயிற்று. 2018-ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் மலேசியாவின் பெட்டாலிங் ஜெயா ஆலையை மூடப்போவதாக அறிவித்தது. 2022 அக்டோபரில் சீகேட் மறுபடி 3,000 பேர் என்றது. அதே டிசம்பரில் மைக்ரான் நூற்றுக்குப் பத்துப் பேர் என்றது. சந்தையை ஆள்கிறவர்களின் ஆலையிலேயே இந்தக் கதி. ஜெயித்த முதலாளியிடம் வேலை பார்த்தால் வேலை நிலைக்கும் என்று நம்புகிறவர்கள் இந்தப் பட்டியலைப் பார்க்கட்டும்.

சிப் ஆலைகளில் நிலைமை என்ன? சாம்சங் சிப் ஆலைகளில் ரசாயனங்களிடையே வேலை செய்த இளம் தொழிலாளிகள் பலர் ரத்தப் புற்றுநோய் கண்டு மாண்டார்கள். பத்து வருஷத்துக்கு மேல் குடும்பத்தார் போராடினார்கள். 2018 நவம்பரில் கம்பெனி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு நஷ்ட ஈட்டுக்கு ஒப்புக்கொண்டது. 2023-ல் சிப் விலை விழுந்ததும், சாம்சங் சிப் பிரிவுத் தொழிலாளிகளுக்கு அந்த வருஷ லாபப் போனஸ் பூஜ்யம். உலகத்தின் முதல் நிலைச் சிப் கம்பெனி, போனஸ் பூஜ்யம்! 2024 ஜூலையில் தென் கொரியாவின் சாம்சங் எலக்ட்ரானிக்ஸ் தொழிலாளிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்.

இரண்டு மாதம் கழித்து, 2024 செப்டம்பர் 9-ந் தேதி, நம் ஸ்ரீபெரும்புதூரில் அதே கம்பெனியின் தொழிலாளிகள் வெளியே வந்தார்கள். இங்கே செய்வது சிப் அல்ல. குளிர்சாதனப் பெட்டி, சலவை யந்திரம், டெலிவிஷன். ஆனால் எஜமானன் ஒருவன். அவர்கள் கேட்டது முதலில் யூனியனுக்கு அங்கீகாரம். ஒரு மாதத்துக்கு மேல் பந்தலில் உட்கார்ந்தார்கள். அக்டோபர் நடுவில் வேலைக்குத் திரும்பினார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. உலகச் சந்தையை ஆள்கிற கம்பெனியானாலும், தன் ஆலை வாசலில் ஒன்றுபட்டு நிற்கிற தொழிலாளியைப் பார்க்காத மாதிரி இருக்க முடியாது என்பதை இந்த இரண்டு சம்பவங்களும் காட்டுகின்றன.

நம் பணமும் இதில் இருக்கிறது

இன்னொரு விஷயம். இந்தப் பத்தாயத்தில் நம் தகவல் மட்டுமல்ல, நம் பணமும் இருக்கிறது. குஜராத்தில் சானந்த் என்ற இடத்தில் மெமரி சிப்புகளைக் கோத்துச் சோதிக்கும் ஆலை வைக்கப்போவதாக 2023 ஜூனில் மைக்ரான் அறிவித்தது. திட்டத்தின் மொத்தச் செலவு 275 கோடி டாலர். இதில் மைக்ரான் போடுவது அதிகபட்சம் 82 கோடி 50 லட்சம். மிச்சம்? பாதிச் செலவு மத்திய சர்க்கார், ஐந்தில் ஒரு பங்கு மாநில சர்க்கார். நூற்றுக்கு எழுபது ஜனங்களின் வரிப்பணம், ஆலை கம்பெனியுடையது!

நாட்டில் சிப் தொழில் வளர வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வளரட்டும். நம் பிள்ளைகள் அதில் வேலை கற்கட்டும். ஆனால் நூறு ரூபாயில் எழுபது ரூபாய் போட்ட ஜனங்களுக்கு ஒரு கேள்வி கேட்கும் உரிமையாவது உண்டா, இல்லையா? விலை விழுந்தால் ஆட்குறைப்பு இல்லை என்று உத்தரவாதம் எங்கே? என்ன ரசாயனம் புழங்குகிறது என்று தொழிலாளிக்குச் சொல்லும் கட்டாயம் எங்கே? காண்டிராக்ட் கூலி இல்லாமல் நிரந்தர வேலை என்ற நிபந்தனை எங்கே? பணம் கொடுக்கிறவன் நிபந்தனை போடுவது உலக வழக்கம். நம் சர்க்கார்கள் பணத்தையும் கொடுத்துவிட்டுக் கையையும் கட்டிக்கொண்டு நிற்பது என்ன வழக்கம்?

பங்குச் சந்தைக்காரர்கள் தங்கள் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். பியூர் ஜெயிக்குமா, டெல் ஜெயிக்குமா, அல்லது நாளை பிறக்கும் வேறொரு கம்பெனி இருவரையும் விழுங்குமா என்று பந்தயம் கட்டட்டும். நாம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. சிப் விலை ஏறும் வருஷத்தில் அதைச் செய்கிறவளின் கூலி ஏறுகிறதா? விலை இறங்கும் வருஷத்தில் அவள் வேலை நிலைக்கிறதா? அவள் உடம்பு நோயில்லாமல் வீடு திரும்புகிறதா? சங்கம் வைக்க அவளுக்கு உரிமை உண்டா?

பத்தாயத்தின் சாவி ஒரு பண்ணையார் கையிலிருந்து இன்னொரு பண்ணையார் கைக்குப் போவதால் களத்தில் நிற்பவனின் மரக்கால் கூடுவதில்லை. கேட்டு வாங்கிய இடத்தில்தான் கூடியிருக்கிறது. தஞ்சைக் களத்தில் கண்ட இந்த உண்மை, சிப் ஆலைக்கும் பொருந்தும்.